நீ விட்டுச்சென்ற இசைத்தட்டைப் பற்றி

புக்கிட் மெர்தாஜாம்,
பினாங்கு.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால் பயிற்சிக்காக வாரம் ஒரு முறை அப்பா என்னை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துச் செல்கிறார். இப்போது படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பதில்லை. நான் எழுத வந்தது வேறு. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, நம் பழைய புரோட்டோன் சாகா காரில் ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, "இதையா இன்னும் கேட்கிறீர்கள்? இது விடலைப் பருவத்தில் பிடிக்கிற பாட்டு அம்மா, விமர்சகர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்" என்றாய். பினாங்குப் பாலத்தில் நெரிசலாக இருந்தது. அப்பா வண்டி ஓட்டும்போது வாக்குவாதம் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். நீ மெல்பர்னுக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இசைத்தட்டை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நீதான். பத்தொன்பது வயதில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' ஆல்பத்தை இரவு பகலாகக் கேட்டாய். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் எத்தனையோ முறை கதவைத் தட்டியிருக்கிறேன். நீ போன பிறகு, அறையைத் துடைக்கும்போது மேசை இழுப்பறையில் அது கிடைத்தது. உன் குரல் இல்லாத வீட்டில் நீ கேட்ட பாட்டாவது ஒலிக்கட்டும் என்றுதான் முதலில் காரில் போட்டேன். பிறகு பாட்டுக்காகவே கேட்கத் தொடங்கினேன். ஆல்பம் ஏறக்குறைய 40 நிமிடம். நெரிசல் இல்லாத நாளில் நம் வீட்டிலிருந்து பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை, போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக, முழுதாகக் கேட்டுவிடுகிறோம். உன் விமர்சகர்களில் பலர் இத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆல்பம் 1998 பிப்ரவரியில் வந்தபோது ரோலிங் ஸ்டோன் இதழ் 5 நட்சத்திரத்துக்கு 3 கொடுத்ததைச் சொன்னாய். பாடகர் ஜெஃப் மேங்கமின் குரல் சுருதியை விட்டுப் போகிறது, கத்துகிறது, ஒலிப்பதிவு இரைகிறது, பாடல் வரிகளில் முன்னுக்குப் பின் தொடர்பில்லை, என்றோ இறந்த ஒரு சிறுமிக்காக உருகுவது மிகையுணர்ச்சி. விமர்சகர்கள் சொல்வதாக நீ எடுத்துவைத்தவை இவைதாம். நான் எதையும் விட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன்.

குரலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைத் தொற்றிக்கொண்டு வருபவை. சுருதி தெரியாமல் விலகும் குரல் வேறு, எட்ட முடியாத இடத்துக்குப் போக முயன்று உடையும் குரல் வேறு. மேங்கமுக்கு அடக்கிப் பாடத் தெரியும்; ஆல்பத்தின் நடுவே இரண்டு நிமிடம்கூட நீளாத 'கம்யூனிஸ்ட் டாட்டர்' பாட்டைக் கேட்டால் தெரியும், எவ்வளவு தாழ்ந்து, எவ்வளவு சரியாக நிற்கிறது அந்தக் குரல். அதற்கு அடுத்து வரும் 'ஓ காம்லி' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுவது. ஒலிவாங்கியின் அளவைச் சரிபார்ப்பதற்காகச் சிறிது பாடச் சொன்னபோது, அவர் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டார், அதையே வைத்துக்கொண்டார்கள். பாட்டு முடிகிற இடத்தில் குழுவில் ஒருவர் வியந்து கத்துவதும் பதிவாகியிருக்கிறது. கூட இருந்தவரே தன்னை மறந்து கத்துகிற அளவுக்கு ஒருவர் பாடியதைக் கேட்டுவிட்டு, சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. உன் கொள்ளுப்பாட்டியை நீ பார்த்ததில்லை. கெடாவில், சுங்கை பட்டாணிக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், இருந்தவர். பள்ளி விடுமுறைகளில் நான் அவரிடம்தான் வளர்ந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய தம்பியைச் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதைப் போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் போனார்கள், காலராவிலும் பசியிலும் அடியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தம்பி திரும்பவில்லை. எந்தத் தேதியில், எந்த முகாமில் என்று சொல்ல யாரும் வரவில்லை. ஆகவே பாட்டி ஆடி அமாவாசையன்று அவருக்குப் படைப்பார். படைத்துவிட்டு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார். "தம்பி" என்று எடுக்கும்போது குரல் நேராக இருக்கும். நான்காவது ஐந்தாவது அடியில் மேலே ஏறும், ஏறிய இடத்தில் கிழியும், கிழிந்தபடியே அந்த அடியை முடித்துவிட்டுத்தான் மூச்சு வாங்குவார். லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்காருவார்கள். குரல் கிழிந்தது என்று அவர்களில் ஒருத்தியும் சொன்னதில்லை. கிழியாமல் பாடியிருந்தால் எழுந்து போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மேங்கம் பாடுவதை நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். அவர், நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்துவிட்டு, 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோன அந்தச் சிறுமிக்காக நாள்கணக்கில் அழுதவர். இந்த ஆல்பத்தில் பல பாடல்கள் அதிலிருந்து பிறந்தவை. தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன, தனக்கு உறவில்லாத ஒருத்திக்காக அமெரிக்க இளைஞன் ஒருவன் அழுவது பிறர் துக்கத்தை எடுத்து அணிந்துகொள்வதாகும் என்று நீ சொன்னாய். நீ சொன்னவற்றில் என்னை நின்று யோசிக்க வைத்தது இது ஒன்றுதான். பல நாள் யோசித்தேன். சயாமுக்குப் போன தாத்தாவை நானும் பார்த்ததில்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. ஆனாலும் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்ததால் இன்றைக்கும் ஆடி அமாவாசைக்கு அவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். பார்க்காதவருக்காக அழக் கூடாது என்றால் எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மேங்கம் அந்தச் சிறுமியின் இடத்தில் நின்று பேசவில்லை என்பதையும் கவனி. அவளைப் பற்றிப் பாடுகிறார், அவளை நோக்கிப் பாடுகிறார். 'ஹாலந்து, 1945' பாட்டில் அவள் ஸ்பெயினில் ஒரு சிறுவனாகப் பிறந்து பியானோ வாசிப்பதாகச் சொல்கிறார். இறந்தவர் எங்கேயாவது மறுபடியும் பிறந்து நன்றாக இருக்கட்டும் என்று கேட்காத ஒப்பாரி உண்டா?

ஒலிப்பதிவு இரைகிறது என்பதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. டென்வரில் பதிவு செய்த ராபர்ட் ஷ்னைடர் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே அளவுக்கு மேல் ஏற்றிப் பிசிறடிக்க வைத்தார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப்பந்தல்களில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பிசிறு புதிதன்று. சொற்கள் இல்லாத 'தி ஃபூல்' என்ற துண்டில் ஊதுகுழல்கள் தளர்ந்து நடப்பதுபோல் ஒலிப்பதைக் கேட்கும்போது, என் சிறுவயதில் நம் ஊர்ச் சீனர் சாவு ஊர்வலத்தில் வந்த பேண்டு வாத்தியம் நினைவுக்கு வருகிறது. அதைச் சுத்தமாக வாசித்தால் அது சாவு வாத்தியமாக இராது.

இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் இயேசுவை நேசிப்பதாக அவர் நீட்டி முழங்குவது கேலியா பக்தியா என்று விமர்சகர்கள் குழம்பியதைச் சொன்னாய். இசைத்தட்டோடு வரும் தாளிலேயே அவர் விடை எழுதியிருக்கிறார்: தான் பாடுவதை மெய்யாகவே சொல்வதாக. ஜூலை மாதம் இந்த ஊர்ப் புனித அன்னம்மாள் கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றும் கூட்டத்தில் நம்மைப் போன்ற இந்துக்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இனி அந்த ரம்பம். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில் பெண்குரல்போல் ஒன்று இழைந்து வருமே, அது ரம்பம் என்று நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. முப்பத்தைந்து வருடம் தச்சுப்பட்டறையில் அறுத்தவர். ஜூலியன் கோஸ்டர் என்பவர் வில்லால் வாசிப்பது என்று எடுத்துக் காட்டினேன். அன்று சாயங்காலம் அப்பா சாமான் அறையிலிருந்து தன் நீண்ட கைரம்பத்தை எடுத்துவந்தார்; சுவரில் தொங்கிய உன் பள்ளிக்கால வயலினின் வில்லை இறக்கினார். பிடியைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, பற்கள் தன் பக்கம் இருக்குமாறு நிறுத்தி, இடக்கையால் நுனியைப் பிடித்துத் தகட்டைப் பாம்புபோல் இரண்டு வளைவாக வளைத்து, பற்களில்லாத முதுகில் வில்லை இழுத்தார். முதலில் வெறும் உராய்வுதான். அரைமணி நேரத்துக்குப் பிறகு, வளைவு எங்கேயோ சரியாக அமைந்த ஒரு கணத்தில், இரும்பு பாடியது. நுனியைச் சற்று அழுத்தினால் ஒலி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. நடுவில் படிக்கட்டே இல்லை. நின்ற இடத்தில் காலை லேசாக ஆட்டினால் அது நடுங்குகிறது. பியானோவில் இருப்பதுபோல் கட்டை கட்டையாகச் சுரங்கள் அதில் இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் வழுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். "இதுக்குச் சரி தப்புன்னு கோடு கிடையாது, கைதான் தேடிப் போகணும்" என்றார் அப்பா. இப்படி ஒரு கருவியைப் பாடகரின் குரலுக்குப் பக்கத்தில் வைத்தவர்கள், அந்தக் குரல் வழுக்கும் என்பதை அறியாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

விமர்சகர்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. வரிகள் சில இடங்களில் எனக்கும் பிடிபடவில்லை. உடலைப் பற்றிய சில படிமங்கள் கூச்சம் தருகின்றன. 'கோஸ்ட்' பாட்டுக்குப் பின் வரும் பெயரில்லாத வாத்தியத் துண்டு எனக்கு அளவுக்கு மீறிய ஆரவாரமாகவே படுகிறது. இதை எழுதும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1998இல் பத்துக்கு 8.7 மதிப்பெண் கொடுத்த பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சன இணையதளம், 2005இல் மறுபதிப்பு வந்தபோது அதே ஆல்பத்துக்கு 10 கொடுத்தது. இடையில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மேங்கம் மேடையை விட்டு விலகி மௌனமாகிவிட்டார், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குப் போட்ட மதிப்பெண்ணை நான் பாட்டுக்குப் போட்டதாக ஏற்க மாட்டேன். 3 நட்சத்திரம் என்று நீ சொன்னால் மறுப்பேன்; 10 என்று சொன்னாலும் மறுப்பேன்.

எனக்கு வருத்தம், பத்தொன்பது வயதில் நீ கேட்டது தவறு என்று உன்னையே நீ திருத்திக்கொண்டதுதான். அந்த வயதில் உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாவு வீட்டுக்குக்கூட உன்னை நான் அதிகம் அழைத்துப் போனதில்லை. இருந்தும் பாட்டியின் திண்ணையில் கேட்க வேண்டியதை நீ அறைக்குள் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். அதை விடலைத்தனம் என்று யாரோ எழுதியதற்காக நீ ஏன் விட்டுக்கொடுக்கிறாய்?

கடைசிப் பாட்டை முடிவுவரை கேள், நிறுத்திவிடாதே. குரல் ஓய்ந்த பிறகு அவர் கிட்டாரைக் கீழே வைக்கும் ஒலியும், எழுந்து நடந்து போகும் ஒலியும் வரும். பாட்டியும் அப்படித்தான், ஒப்பாரி முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அந்தக் காலடிச் சத்தத்தை நீ எந்த விமர்சனத்திலாவது படித்தாயா என்று எனக்கு எழுது.

இசைத்தட்டை உனக்கு அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். அப்பா தரமாட்டேன் என்கிறார். தினமும் சாயங்காலம் ரம்பத்துக்கு எண்ணெய் தடவித் துடைத்து வைக்கிறார். உன் வில்லில் முடி பாதிக்கு மேல் அறுந்துவிட்டது. தைப்பூசத்துக்கு வரும்போது ஒரு வில் வாங்கி வா.

அன்புடன்,
அம்மா