அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க

புதுச்சேரிக்குப் படம் எடுக்க வரும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி என்று வைத்துவிட்டுப் பாதிக் கோலத்தில் குனிந்திருந்தேன். இரண்டு ஸ்கூட்டரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டு மரத்தூணையும் பழைய கதவையும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் கேமரா வைத்திருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிரேம்ல வர்றீங்க."

கோலமாவுக் கிண்ணத்தோடு நானும் தள்ளி நின்றேன். என் வீட்டு வாசலில் நான் தள்ளி நிற்கிறேனே என்று அப்போது தோன்றவில்லை. உள்ளே போய்க் காபி குடிக்கும்போதுதான் கோபம் வந்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவளாவது ஊரைக் கிழக்கே பிரெஞ்சுப் பக்கம், மேற்கே தமிழ்ப் பக்கம் என்று பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தாள். உங்களில் பெரும்பாலோர் வருவதே இல்லை.

நீங்கள் சுற்றும் வழி எனக்கு மனப்பாடம். காலையில் பீச் ரோடு. பிறகு துமாஸ் வீதி, ரொமேன் ரோலான் வீதி, சுப்ரேன் வீதி. மஞ்சள் சுவர், அதன் மேல் கவிழ்ந்திருக்கும் காகிதப்பூ, நீல நிறத்தில் தெருப்பெயர்ப் பலகை. இடையில் ஒரு சுவரோவியம் கண்ணில் பட்டால் அதன் முன்னால் பத்து நிமிடம். மதியம் காபி, சாயங்காலம் பஸ். "பாண்டி முடிச்சாச்சு" என்று போட்டுவிடுகிறீர்கள். சரி, நீங்கள் முடித்தது பாதி பாண்டி. மீதிப் பாதி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. வாய்க்கால் நாறும், அதை மறைப்பதற்கில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டாவது தாண்டுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே 1674-இல் கால் வைத்தார்கள். நடுவில் சில ஆண்டுகள் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே நீங்கள் சாய்ந்து நின்று படம் எடுக்கும் அந்தக் கிழக்குப் பக்கத்துச் சுவர்களில் அநேகமாக எல்லாமே அதற்குப் பிறகு எழுந்தவை. மேற்கே ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினாரே, அவர் வீடுதான். கீழே செதுக்கிய மரத்தூண், மேலே சுண்ணாம்புத் தூண். ஒரே வீட்டில் இரண்டு ஊர்.

இந்தக் கீழ்-மேல் கலவைதான் எங்கள் வீதிகளின் விசேஷம். கீழ்த்தளம் தமிழ் வீடு. மேல்மாடியில் மட்டும் வளைவு வைத்த ஜன்னல், கைப்பிடிச் சுவர், ஐரோப்பியத் தூண். மாடி கட்டும்போது ஆசை கடற்கரைப் பக்கம் போயிருக்கிறது, கீழே மட்டும் யாரும் திண்ணையை விட்டுக்கொடுக்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் முதலில் தாழ்வாரம் வரும். மரக்கால் நட்டு ஓடு வேய்ந்த சாய்ப்பு அது, தெருவில் போகிறவர்களுக்காகப் போட்டது. மழையோ வெயிலோ, யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம். அதற்கு உள்ளே திண்ணை. அதில் தெரிந்தவர் உட்காரலாம், தெரியாதவர் கேட்டுவிட்டு உட்காரலாம். அதற்கும் உள்ளே நடை, முற்றம், கூடம். அங்கே அழைத்தால்தான் வரலாம். வெள்ளைக்கார வீடு அப்படியில்லை. உயர்ந்த மதில், பெரிய கேட், தோட்டம் எல்லாம் உள்ளே. தெருவுக்கு அது காட்டுவது வெறும் சுவரைத்தான். அந்தச் சுவரைத்தான் நீங்கள் விழுந்து விழுந்து படம் எடுக்கிறீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், முகம் காட்டுகிற வீடெல்லாம் இந்தப் பக்கம் இருக்கிறது.

இருக்கிறது என்கிறேன், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. 1990-களில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு ஊர் முழுக்க நடந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுத்தது. அதில் நிறைய இப்போது இல்லை. ஒரு வீடு எப்படிப் போகிறது என்பதை எங்கள் வீதியிலேயே பார்த்திருக்கிறேன். நான் மருமகளாக வந்தபோது மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். ரோடு போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டார்கள். இப்போது ஒரு படி மிச்சம், பக்கத்து வீட்டுக்கு அதுவும் இல்லை. ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் நேராக நடைக்குள் வருகிறது. சுவர் அடியில் ஈரம் ஏறுகிறது. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி கொட்டிய கூரை. ஒரு கட்டையின் முனை சுவருக்குள் உளுத்தால் போதும். அதை மாற்றத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி கட்டாது. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பங்கு. ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்குப் பணம் வேண்டும். சரி, இடித்துவிடலாம் என்று முடிவாகும். மறுவாரம் லாரி வந்து செங்கலை அள்ளிப் போகும். தூணும் கதவும் பழைய மரச்சாமான் கடைக்குப் போகும். அந்தக் கதவை நீங்கள் எங்கோ ஒரு ஹோட்டலில் பார்த்து, "எவ்வளவு அழகு" என்பீர்கள்.

பீச் ரோட்டில் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது ஊரே பேசியது. பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதை எல்லோரும் பார்த்துப் பழகியிருந்தார்கள், படம் எடுத்திருந்தார்கள், அதனால் விழுந்தது தெரிந்தது. எங்கள் வீதியில் விழுந்தால் தெரிவது பால்காரருக்கும் தபால்காரருக்கும்தான். நான் உங்களைக் கூப்பிடுவதற்குக் காரணமே இதுதான்.

செய்தால் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பிய உதவியோடு அங்கே வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள், சிதைந்த தாழ்வாரங்களைத் திரும்ப வைத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. தெரு கிழக்கு மேற்காக ஓடுவதால் காலை வெயில் கடல் பக்கமிருந்து நேராக உள்ளே விழும். ஏழு மணிக்கு ஒவ்வொரு தூணின் நிழலும் திண்ணை மேல் நீளமாகப் படுத்திருக்கும். உங்கள் கேமராவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் சுவரோவியம். படம் எடுப்பவர்களில் வரைகிறவர்களும் இருப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. சில வருடம் முன்பு எங்கள் வீதி முனையில் ஒரு பழைய வீட்டின் பக்கச் சுவரில் ஒரு குழு வந்து மீன்காரம்மா முகம் வரைந்தது. நன்றாகவே இருந்தது, மூக்குத்தி மின்னியது. அடுத்த மழைக்கு அவள் கன்னத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இரண்டாம் வருஷம் கன்னம் பூச்சோடு விழுந்து செங்கல் தெரிந்தது. வரைந்தவர்கள் மேல் தப்பில்லை, சுவர் அப்படிப்பட்டது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, அது மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரத்தையும் உப்பையும் அது வெளியே விட்டுக்கொண்டே இருந்தால்தான் சுவர் நிற்கும். மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒட்டும் பெயின்ட்டை அடித்தால் வழி அடைபடும். ஈரம் பூச்சைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். சிமெண்ட் பூசினாலும் இதே கதிதான். அதனால் வரையுங்கள், சிமெண்ட் மதிலில், டிரான்ஸ்பார்மர் சுற்றுச்சுவரில், புதுக் கட்டடத்தின் மொட்டைச் சுவரில் வரையுங்கள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? சுண்ணாம்புச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். தெரு ஓவியமே வேண்டுமென்றால் எங்கள் வாசல்களில் தினமும் இருக்கிறது, பத்து மணிக்குள் வண்டிச் சக்கரத்தில் போய்விடும். அதற்குள் வாருங்கள்.

ஒரு பயமும் உண்டு. நிறையப் பேர் வந்தால் வீடெல்லாம் காபிக்கடை ஆகிவிடும், குடியிருப்பவர்கள் போய்விடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கிழக்குப் பக்கம் அப்படி ஆனதை அவர் பார்த்திருக்கிறார். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் லாரி வருவதைவிட நீங்கள் வருவது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

வருவதென்றால் இப்படி வாருங்கள். பீச் ரோட்டில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அங்கே முதலில் ஒரு நடை. 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பி வாய்க்காலைத் தாண்டுங்கள். மிஷன் வீதியில் சம்பா கோவில் வரும், 1791-இல் கட்டி முடித்த மாதா கோவில். அங்கிருந்து வைசியாள் வீதி. பிறகு ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு. 1908 முதல் பத்து வருஷம் அவர் இந்த ஊரில்தான் இருந்தார். பாரதிதாசன் வீடு பெருமாள் கோவில் வீதியில். தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கமும் ஒரு சுற்று போய் வாருங்கள், அங்கே வீடுகளின் சாயலே வேறு. கூட்டிப்போகும் வழிகாட்டி "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை" என்றால் நம்ப வேண்டாம்.

தாழ்வாரத்தில் தாராளமாக நில்லுங்கள். திண்ணையில் உட்கார ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டோம். தண்ணீரும் கிடைக்கும். ஜன்னல் வழியாக உள்ளே கேமராவை நீட்ட வேண்டாம், உள்ளே யாராவது தலை சீவிக்கொண்டிருப்பார்கள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வாருங்கள்.

அந்த ஸ்கூட்டர் பெண் இதைப் படித்தால் அவளும் வரட்டும், படம் எடுக்கட்டும். இந்த முறை நான் தள்ளி நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாய்க்காலுக்கு மேற்கே ஒரு திண்ணை வீட்டுக்காரி