பன்னிரண்டு பாடல்களையும் கேட்டேன், கதை எங்கே?

அன்பு மருமகளுக்கு,

உன் இசை நாடகத்துக்கென்று நீ அனுப்பிய பன்னிரண்டு பாடல்களையும் நேற்றிரவு சமையலறையில் உட்கார்ந்து இரண்டு முறை கேட்டேன். ஏழாவது பாடலில் அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் தன் பெயரை மாற்றிச் சொல்லும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் நேராகவே கேட்கிறேன். அவள் யார்? பாட்டு முடிந்ததும் எங்கே போகிறாள்? பாட்டுக்கு முன் இல்லாத எந்தத் துணிச்சல் பாட்டுக்குப் பின் அவளுக்கு வருகிறது? பள்ளி மேடைகளுக்கு இருபது வருடம் பாட்டெழுதிய நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட கேள்விகள் இவை.

அமெரிக்க இசை நாடகங்களுக்கு வரியும் இசையும் எழுதிய ஸ்டீபன் சோண்ட்ஹைமுக்கு இவற்றைப் பதினைந்து வயதிலேயே கற்றுக்கொடுக்க ஓர் ஆள் இருந்தார். பள்ளிக்காக எழுதிய இசை நாடகத்தை, நண்பனின் தந்தையும் பேர்பெற்ற இசை நாடக ஆசிரியருமான ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனிடம் கொண்டுபோனான் அந்தச் சிறுவன். தெரியாத ஒருவர் எழுதியதாக நினைத்துப் படித்துச் சொல்லும்படி கேட்டான். தான் படித்ததிலேயே படுமோசமானது இதுதான் என்றார் அவர். ஆனால் அத்தோடு அனுப்பிவிடவில்லை. முதல் மேடைக் குறிப்பிலிருந்து தொடங்கி, ஒரு பிற்பகல் முழுக்க ஏன் மோசம் என்று விளக்கினார். பிறகு நான்கு பயிற்சிகள் கொடுத்தார். உனக்குப் பிடித்த நாடகம் ஒன்றை இசை நாடகமாக்கு. பிடித்திருந்தும் குறை உள்ளதாக நீ நினைக்கும் நாடகம் ஒன்றை எடுத்து, அந்தக் குறையைச் சரிசெய். நாவல், சிறுகதை என்று மேடைக்காக எழுதப்படாத ஒன்றிலிருந்து எழுது. கடைசியாக, முழுக்க உன் சொந்தக் கதை. நான்கையும் முடிக்கச் சில வருடங்கள் பிடித்தன. அவற்றில் ஒன்றுகூடத் தொழில்முறை மேடை ஏறவில்லை. அதை நான் வீண் என்று சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.

ஒரு குழுவினர் பாடல் வரிகள் மட்டும் எழுதக் கூப்பிட்டதற்கு, மெட்டும் என்னுடையதாக இருந்தால்தான் வருவேன் என்று மறுத்துவிட்டாயாம். அண்ணன் சொன்னார். சோண்ட்ஹைமுக்கும் இதே ஆசைதான். இசையமைக்கவே துடித்தவர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1957) என்ற இசை நாடகத்துக்கு வரிகள் மட்டும் எழுதினார். அனுபவசாலிகளோடு வேலை செய்யக் கிடைக்கும் வாய்ப்பை விடாதே என்று அப்போதும் ஹாமர்ஸ்டைன்தான் சொன்னார். 1959இல் 'ஜிப்ஸி'க்கும் வரிகள் மட்டுமே. வரியும் இசையும் இரண்டுமே அவருடையதாக, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் முதல் நாடகம் வந்தது 1962இல்தான். அதிலும், வெளியூர் முன்னோட்டத்தில் மக்கள் சிரிக்கவில்லை. இது கூத்தடிக்கும் நகைச்சுவை என்று தொடக்கப் பாட்டே சொல்லவேண்டும் என்றார் இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ். பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார் சோண்ட்ஹைம். நாடகம் பிழைத்தது. உன் ஏழாவது பாடலையும் ஒருநாள் யாராவது இப்படி எடுக்கச் சொல்லலாம். அன்று என்னைக் கூப்பிடு, சேர்ந்து அழலாம்.

வேலையை விடுவது பற்றி நீ கேட்டாய். வேண்டாம், இப்போது வேண்டாம். 'ரென்ட்' என்ற இசை நாடகத்தை எழுதிய ஜொனாத்தன் லார்சன், நியூயார்க்கின் மூன்டான்ஸ் உணவகத்தில் ஏறத்தாழ பத்து வருடம் பரிமாறிக்கொண்டேதான் எழுதினார். அந்த நாடகம் மேடையேறுவது உறுதியான பிறகுதான் அந்த வேலையை விட்டார். முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த 1996 ஜனவரி 25 விடியற்காலையில், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். நாடகம் பிராட்வேயில் பன்னிரண்டு வருடம் ஓடியது. எழுதும்போது என்னால் இதை நிதானமாகக் கடக்க முடியவில்லை.

நியூயார்க்கில் 1961 முதல் நடக்கும் பி.எம்.ஐ. லேமன் எங்கல் இசை நாடகப் பயிலரங்குக்கு விண்ணப்பம் போடு. தேர்வானால் கட்டணம் கிடையாது. அதைவிட முக்கியம், உன் பாட்டை உன்னைப் போன்றவர்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக் குறை சொல்வார்கள்.

அதுவரை ஹாமர்ஸ்டைனின் முதல் பயிற்சியைத் தொடங்கு. எந்த நாடகத்தை எடுக்கப்போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. அந்த பஸ் நிறுத்தப் பெண்ணின் உண்மையான பெயரையும் சேர்த்து எழுது.

உன் அத்தை