குற்றாலத்தில் நனையாத துண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உன் நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடியில் ஓடு இரண்டு உடைந்து மழைத் தண்ணீர் இறங்குகிறது, கொத்தனார் நாளை நாளை என்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு. போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய், சரி, வேலை அப்படி. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கும் மீட்டிங்கா என்று அம்மா கேட்டாள். பெங்களூரில் அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதம் வந்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்ல முடியாதல்லவா?

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நீ உன் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்தாயே, அந்த டிவியில் போன வாரம் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அந்த டிவி வந்த அன்று தெருவில் எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் தெரியுமா? என் மகன் வாங்கியது என்று நான் சொன்ன தோரணையை அம்மா இன்னமும் நடித்துக் காட்டுகிறாள்.) எதையோ தேடப் போய் பழைய ‘டீலா நோ டீலா’ வந்து நின்றது. சன் டிவியில் ரிஷி நடத்தியது. ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து நாம் நால்வரும் உட்கார்ந்து பார்ப்போமே, அதுதான். குஷ்பூவின் ஜாக்பாட்டை அம்மா ஜாக்கெட் டிசைனுக்காகப் பார்த்தாள். ரம்யா கிருஷ்ணன் நடத்திய தங்க வேட்டையை அக்கா பார்த்தாள். இது மட்டும் நம் இருவருக்கும் உரியது.

இருபத்தாறு பெட்டி. ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வரவேண்டும், திறக்கிற தொகை ஆட்டத்தைவிட்டுப் போய்விடும். நடுநடுவே போன் மணி அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பேங்கர், இவ்வளவு தருகிறேன், பெட்டியை எனக்கே விற்றுவிடு என்பார். டீல் என்றால் விற்றாயிற்று, நோ டீல் என்றால் ஆட்டம் தொடரும். நான் காலண்டர் தாளைக் கிழித்து, மிச்சமிருக்கும் தொகைகளைக் கூட்டி வகுத்துச் சராசரி போடுவேன். இருபத்தெட்டு வருடம் தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதியவன், சும்மா இருப்பேனா? பேங்கர் முதலில் சராசரியைவிட எவ்வளவோ குறைத்துத்தான் கேட்பார், போகப்போக ஏற்றுவார். ஆளை ஆட்டத்திலேயே நிறுத்தி வைக்கும் உபாயம் அது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே மறுநாளும் கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கோடு நிறுத்தியிருக்கலாம்.

ஓர் அம்மாள் வந்திருந்தார், பள்ளி ஆசிரியை. பேங்கர் நல்ல தொகை தருவதாகச் சொன்னார், வாங்கிக்கொண்டு போகலாமா என்று அந்த அம்மாள் நின்றார். “வாங்கிக்கொண்டு கிளம்பாமல் ஏன் நிற்கிறாள், கடைசி பஸ் போய்விடாதா?” என்று நம் அம்மா கேட்டாள். நீயும் சொன்னாய், “எடுத்துக்கலாம்பா” என்று. உனக்குப் பதினாறு வயது. நான்தான் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று “நோ டீல்!” என்று கத்தினேன். அவர் டீல் என்றதும் பயந்தாங்கொள்ளி என்றேன், துணிந்தவனுக்குத்தான் லட்சுமி வருவாள் என்றேன். அடுத்த நாளிலிருந்து நீயும் நோ டீல் என்று கத்த ஆரம்பித்தாய். போன வாரம் அதே நிகழ்ச்சியைப் பார்த்தபோது, அந்த அம்மாள் எவ்வளவு புத்திசாலி என்று தோன்றியது. தனக்கு எவ்வளவு போதும் என்று தெரிந்துதான் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார்.

இந்த ஆட்டம் பிறந்தது நெதர்லாந்தில். பின்பு ஊர் ஊராகப் போயிருக்கிறது. இந்தியில் முதலில் நம் மாதவன் நடத்தினார். அமெரிக்காவில் ஹோவி மாண்டல் என்ற நகைச்சுவைக் கலைஞர். அவருக்குக் கிருமி என்றால் பயமாம், போட்டியாளர்களுக்குக் கை கொடுக்காமல் முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொள்வார். அங்கே பெட்டிகளில் ஒரு சென்ட் முதல் பத்து லட்சம் டாலர் வரை. சூதாட்ட மேசைக்குப் பக்கத்தில் சிரிக்க வைப்பவர் ஒருவரை நிறுத்துவது எவ்வளவு பெரிய யோசனை பார்! பெரிய தொகை போகும்போது ஒரு ஜோக், கூட்டம் சிரிக்கும், தோற்றவரும் சிரித்துவிடுவார். வலி வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். போனில் வந்துகொண்டிருந்த ரம்மி விளம்பரங்களிலும் நடிகர்கள்தான் சிரித்தார்கள். போனில் நோட்டிபிகேஷன் மணி அடிக்கிறதே, அதுவும் எனக்குப் பேங்கர் மணி மாதிரியே கேட்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதே.

இதைப் பக்கத்து வீட்டுப் பொருளாதாரப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து வந்து மொழிபெயர்த்துச் சொன்னார். 2008-இல் வந்தது. எழுதிய நால்வரில் ஒருவர் ரிச்சர்ட் தேலர், 2017-இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூன்றிலும் இந்த ஆட்டத்தை ஆடிய 151 பேர் என்னென்ன முடிவு எடுத்தார்கள் என்று உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அதில் ஒரு டச்சுக்காரர் கதை. நல்ல நல்ல தொகையெல்லாம் வரிசையாகப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியவை இரண்டே தொகை, 10 யூரோ, 10,000 யூரோ. பேங்கர் 6,000 தருகிறேன் என்றார். சராசரி 5,005தான், அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்! அந்த மனிதர் நோ டீல் என்றார். பெட்டியில் இருந்தது 10 யூரோ.

ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பேராசிரியரிடம் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும். பெரிதாக இழந்தவர்கள் பயந்து பின்வாங்குவதில்லை, இன்னும் துணிகிறார்கள் என்று அந்த நால்வரும் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இதற்கு நோபல் ஆள் எதற்கு? விட்டதைப் பிடிப்பது என்று நம் ஊரில் பெட்டிக்கடை வாசலிலேயே சொல்வார்கள். அந்த டச்சுக்காரருக்கு 6,000 யூரோ சம்பாத்தியமாகத் தெரியவில்லை, முன்பே போய்விட்ட தொகைதான் கண்ணில் நின்றது.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. சித்திரையில் வீட்டு அட்வான்ஸுக்கு என்று நாற்பதாயிரம், ஆடியில் நண்பன் ஆஸ்பத்திரியில் என்று அறுபத்தைந்தாயிரம். கொடுத்தோம், அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்த நண்பன் இப்போது எப்படி இருக்கிறான்? அம்மா அவனுக்காகக் கோயிலில் விளக்குப் போடுகிறாள், பெயர் கேட்டுச் சொல் என்கிறாள். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நகைக் கடனுக்கு இப்போது என்ன வட்டி என்று மட்டும் சும்மா கேட்டாள். அவளும் உன் மாதிரிதான், பொய் சொல்லத் தெரியாது. உனக்கும் தெரியாது தம்பி. பொய் சொல்லும்போது நீ அளவுக்கு மீறி விவரம் சொல்கிறாய், ஆஸ்பத்திரி வார்டு நம்பர் வரைக்கும். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். பேப்பரில் பார்த்ததும் அம்மாவிடம் பாயசம் வைக்கச் சொன்னேன். என்ன விசேஷம் என்றாள், சும்மா என்றேன். பாயசம் குடித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. தடை என்றால் என்ன என்பது எனக்குத் தெரியுமே.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடைசெய்தார்கள். உனக்குப் பத்து வயது. பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி வைத்து விற்ற கடைகளெல்லாம் ஒரே நாளில் செல்போன் கடையும் ஜூஸ் கடையுமாக மாறின. அதன் பிறகு நான் மாதம் ஒருமுறை குற்றாலத்துக்குக் குளிக்கப் போவேன், நினைவிருக்கிறதா? உடம்புச் சூடு என்று சொல்வேன். சீசன் இல்லாத பங்குனியில்கூடப் போவேன். ஒருமுறை அம்மா பையிலிருந்து துண்டை எடுத்து, “இதென்ன, காய்ந்து கிடக்கிறது?” என்றாள். அருவியில் தண்ணீர் இல்லை, அதனால் அப்படியே ஆரியங்காவு போய் ஐயப்பனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். எந்த பஸ்ஸில் ஏறினேன், புளியரையில் எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு சில்லறை பாக்கி, எல்லாம் சொன்னேன். ஆரியங்காவுக்குப் போனது உண்மை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா, அங்கே லாட்டரிக்குத் தடை இல்லை. ஐயப்பனைப் பார்த்ததும் உண்மைதான், டிக்கெட் வாங்கியபின் போய் அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

இதுகூடப் பரவாயில்லை. தடைக்கு முந்தைய வருடம், ஐப்பசி.

அம்மாவின் வளையல். நீ சின்னப் பையன், ஆனாலும் அந்த நாளை மறந்திருக்க மாட்டாய். பீரோவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். நானும் தேடினேன் தம்பி. கட்டிலுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துத் தேடினேன், என் சட்டைப் பையில் அடகுக் கடைச் சீட்டை வைத்துக்கொண்டு. நாலு பவுன், ஒன்பதாயிரம் ரூபாய். ஒற்றை இலக்க லாட்டரியில் பதினொரு நாளில் போயிற்று. முதல் இரண்டாயிரம்தான் ஆசையில் போனது. மிச்சம் ஏழாயிரமும் அந்த இரண்டாயிரத்தைப் பிடிக்கப் போனது.

அந்த வாரம் மாமா நம் வீட்டில் தங்கியிருந்தார், வேலை இன்டர்வியூவுக்கு வந்து. அம்மா அவரை ஒன்றும் திட்டவில்லை. “நீ பீரோவைத் திறந்தாயா?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். இல்லை மாப்பிள்ளை, நீ எடுத்திருக்க மாட்டாய் என்று நான் சொல்லியிருந்தாலே போதும். நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். இலையில் சோறு வைத்திருந்தது, கை கழுவிவிட்டுப் போனவர்தான். அக்கா கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் யார் நின்றார்கள் என்பது உனக்குத் தெரியும். மாமா கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன், உள்ளே வந்துவிட்டேன்.

இருபத்துமூன்று வருடமாக அம்மா தன் தம்பியைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு ஒரு வேட்டி எடுத்து வைப்பாள், கொடுக்க மாட்டாள். பரணில் அடுக்கி வைத்திருக்கிறாள், ஓடு ஒழுகுவது அதன் மேல்தான். ஓட்டை மாற்றச் சொல்லி ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாள் என்று இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நோ டீல் என்று நான் எழுந்து நின்று கத்தியது இதற்கெல்லாம் பிறகு என்பதை யோசித்துப் பார். புத்தி வந்திருக்க வேண்டிய வயதில் உன் முன்னால் நின்று கத்தினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்கு மாமா வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு சொல்லலாம் என்று நினைத்தேன், அதற்கு முன் மூன்று சனிக்கிழமை இப்படியே நினைத்தேன். நீ வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் சனிக்கிழமை இங்கே இருக்கலாம். நீ எதுவும் பேச வேண்டாம், நான் சொல்லும்போது பக்கத்தில் இரு, போதும். அதன் பிறகு உனக்கும் ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. எவ்வளவு என்று கேட்க மாட்டேன். அடகுக் கடைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவனுக்குக் கேட்க வாய் ஏது?

கடலைமிட்டாய் இரண்டு கிலோ இந்தக் கூரியரிலேயே அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைப் பையனுக்கும் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: பஸ்ஸுக்குக் கையில் பணம் இல்லை என்றால் கூச்சப்படாமல் சொல். நானே டிக்கெட் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். பணமாக அனுப்ப மாட்டேன்.