கூத்துப் பழகும் இடத்தில் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கூத்துப் பாடல்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கூத்தைப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரில் எஞ்சியிருப்போர் மறைவதற்கு முன்னர் அவர்களுடைய பாடல்கள் அனைத்தையும் ஒலிப்பதிவு செய்து காப்பகம் ஒன்றில் சேர்த்துவிட வேண்டும் என்று கட்டுரையாளர் வற்புறுத்தியிருந்தார். பதிவு செய்வதில் எனக்கு மறுப்பில்லை. பதிவு செய்துவிட்டால் கலை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை அக்கட்டுரை முழுவதும் இழையோடியதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பாடசாலைகளில் வயலின் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், என் கருவியோடு தொடர்புடையதும் நம்மிடையே அதிகம் பேசப்படாததுமான ஒரு மரபை, ஸ்கொட்லாந்தின் பிடில் (வயலினுக்கு அங்கு வழங்கும் பெயர்) இசையை, இதற்குச் சான்றாக முன்வைக்க விரும்புகிறேன்.

வன்னிக் கூத்துக்கும் ஸ்கொட்லாந்துப் பிடிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைக் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் வாத்தியக்காரர் வழியாகவே வயலின் கர்நாடக இசைக்குள் நுழைந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டார். அக்குழுவினர் வாசித்த மெட்டுகளுக்குத் தமையனார் சாகித்தியம் இயற்ற, அவை நோட்டுஸ்வரங்கள் என்ற பெயரில் இன்றும் எங்கள் பிள்ளைகளின் வாயில் வழங்குகின்றன. அந்த மெட்டுகளில் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து நடன மெட்டுகளும் அடக்கம். ஆகவே அந்த இசை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஸ்கொட்லாந்துக்கும் வயலின் வெளியிலிருந்து வந்ததுதான். வந்த கருவியை அம்மக்கள் 18ஆம் நூற்றாண்டில் தங்கள் ஆட்டத்துக்கு ஏற்றபடி வசப்படுத்திக்கொண்டார்கள். பேர்த்ஷயரில் டன்கெல்டுக்கு அருகிலுள்ள இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்த நீல் கோ (1727–1807) நெசவுத் தொழில் பழகியவர். அவர் வில்லை மேல்நோக்கி இழுக்கும்போது எழும் வலுவான நாதம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. ஒரு போட்டியில் நடுவராக இருந்த கண்பார்வையற்ற இசைஞர், நூறு பேர் வாசித்தாலும் நீலின் வில்லைத் தம்மால் இனங்கண்டுகொள்ள முடியும் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அவருக்குப் பின் கோர்டன் பிரபுவின் மாளிகையில் பணிபுரிந்த வில்லியம் மார்ஷல், பின்னர் மெழுகு உருளைப் பதிவுக் காலம் வரை வாழ்ந்த ஜேம்ஸ் ஸ்கொட் ஸ்கின்னர் (1843–1927) என்று வரிசை நீள்கிறது.

ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைக் கொண்ட ஸ்ட்ராத்ஸ்பே என்னும் நடன மெட்டு அவர்களுக்கே உரியது. நான்கு அட்சரத் தாளத்தில், நெடிலில் விழும் என்று நாம் எதிர்பார்க்கும் அழுத்தத்தைக் குறிலில் வைத்து, அக்குறிலை வில்லின் ஒரு சிறு துண்டால் வெட்டினாற்போல் ஒலித்து உடனே நெடிலுக்குத் தாவுவார்கள். கமகத்தில் ஊறிய நமது கைக்கு இது இலகுவில் வராது. மெதுவான நடையில் தொடங்கி ஸ்ட்ராத்ஸ்பேயாகி, இறுதியில் ரீல் என்ற விரைவு நடையில் முடிப்பது அவர்கள் வழக்கம். ஆடுபவர்களின் கால்களே அங்கு தாளக்காரர்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சுமார் நூறு ஆண்டுகளாக, செம்மறி வளர்ப்பில் வருமானம் கண்ட நிலவுடைமையாளர்கள் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் குடிகளை ஊரூராக எழுப்பினார்கள். எழுப்பப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் கடல் கடந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவில் குடியேறினார்கள். பிடில் இல்லாத வீட்டில் நடன மெட்டை வாயாலேயே சொல்லி ஆடுவது அவர்கள் வழக்கம். போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் முகாமில் மத்தளம் இல்லாத குறைக்குத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துத் தட்டிக் காத்தவராயன் சிந்து பாடியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தத் தீவின் கதையைத்தான் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். 1971இல் கனடாவின் அரச ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம், கேப் பிரெட்டனின் பிடில்காரர் மறைந்து வருகிறார் என்ற பொருளில் ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. வாசிப்பவர்கள் முதியவர்கள், இளையோர் கைகளில் கிற்றார், இன்னும் சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் படத்தின் செய்தி. தங்கள் கட்டுரையில் கண்டதும் ஏறக்குறைய இதே செய்திதான். படத்தைப் பார்த்த தீவு மக்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நல்லதாய் முடிந்தது. ஜோன் அங்கஸ் ரான்கின் என்ற பங்குத்தந்தை உள்ளிட்ட சிலர் வீடு வீடாகச் சென்று, பிடிலை மூடி வைத்திருந்தவர்களையெல்லாம் அழைத்து, 1973இல் கிளென்டேல் என்னும் சிற்றூரில் ஒரு விழா நடத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்கள் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தார்கள். (முந்திய நூற்றாண்டில் பிடிலைப் பாவக் கருவி என்று கண்டித்த குருமாரும் இருந்தார்கள் என்பதையும் இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும்.) விழா முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் பிடிலைப் பரணில் போட்டுவிடவில்லை. சங்கம் அமைத்தார்கள், ஊர்களில் சிறுவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். மறைந்துவிடும் என்று சொல்லப்பட்ட இசையை இன்று உலகம் முழுவதிலுமிருந்து வந்து கற்றுச் செல்கிறார்கள். இடம்பெயர்ந்தவர்கள் காப்பாற்றிய பழைய நடன அடிகள் சிலவற்றைத் தாய்நாட்டவரே பின்னர் அங்கு சென்று திரும்பக் கற்றுக்கொண்டார்கள்.

என் தங்கையின் மகள் நோவா ஸ்கோஷியாவில் வசிக்கிறாள். அவள் அனுப்பிய ஒளிப்பதிவு ஒன்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டின் சமையலறை. மேசையைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். முதியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். அவரது சப்பாத்துக் குதி மரத்தரையில் இடும் தாளம் பிடிலோடு சேர்ந்தே கேட்கிறது. அவருக்கு அருகில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, சிறிய பிடிலோடு அவருடைய விரல்களைப் பார்த்தபடி இருக்கிறாள். விரைவான இடங்களில் பாதிச் சுரங்களை விட்டுவிடுகிறாள்; தெரிந்த இடம் வந்ததும் துணிந்து சேர்ந்துகொள்கிறாள். யாரும் வாசிப்பை நிறுத்தி அவளைத் திருத்தவில்லை. தரப் பரீட்சைக்கென்று சரளி வரிசையில் தொடங்கி, பிழைக்குப் பிழை நிறுத்தித் திருத்தும் எங்கள் வகுப்புமுறையில் நல்ல வாத்தியக்காரர் உருவாகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பரீட்சை முடிந்ததும் வயலினைத் தொடாத பிள்ளைகளே இங்கு அதிகம்.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லன்ட் தீவுகளில் டொம் அண்டர்சன் (1910–1991) என்ற காப்புறுதி முகவர், தீவு முழுவதும் வாழ்ந்த முதியவர்களிடம் மெட்டுகளைச் சேகரித்தார். சேகரித்ததோடு அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல காப்பகம் கிடைத்திருக்கும். அவர் 1960இல் பிடில்காரர் சங்கம் ஒன்று உருவாகக் காரணமாக இருந்தார். பின்னர் தீவுப் பாடசாலைகளில் தாமே கற்பித்தார். அவரிடம் பயின்ற அலி பெய்ன் உலகறிந்த இசைஞரானார். ஸ்கொட்லாந்தின் மேற்கிலுள்ள பாரா தீவிலோ, 1981இல் ஊரவர்களே கூடித் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு கோடைகாலப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றி ஸ்கொட்லாந்து எங்கும் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அத்தகைய பயிற்சிகள் நடைபெறுகின்றன.

நீல் கோ குடும்பத்தார் 1784 முதல் தங்கள் மெட்டுகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். அத்தகைய பழைய நூல்களைக் கேப் பிரெட்டன் பிடில்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எழுத்தும் பதிவும் வேண்டாம் என்று சொல்பவள் அல்லள் நான். நமது கூத்துக் கொப்பிகளும் ஏடுகளும் இடப்பெயர்வில் எத்தனை போயின என்பதை முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் கேட்டால் தெரியும். ஆயினும் ஒரு நூலைப் புரட்ட அதை வாசிக்கத் தெரிந்த கை வேண்டும். நமது பகுதிக்குரிய கூத்துப் பாணியான முல்லைமோடியில் கோவலன் கூத்தைப் பாட ஒரு பிள்ளைக்குத் தெரியாவிட்டால், காப்பகத்திலுள்ள பதிவு ஆய்வாளருக்குப் பயன்படலாம், ஊருக்குப் பயன்படாது.

இன்று நம்மிடம் நடப்பது என்ன? கலாசார விழாவில் கூத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கப்படுகிறது. அப்பத்து நிமிடத்துக்குக் கூத்து வெட்டிச் சுருக்கப்படுகிறது. பாடசாலைப் போட்டிக்காகப் பிள்ளைகளுக்கு இரண்டு காட்சிகள் மனப்பாடமாகின்றன. போட்டி முடிந்ததும் உடுப்புகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை கிடைக்கிறது. பொன்னாடை போர்த்துபவர்கள் அவருடைய வாயிலிருந்து ஒரு விருத்தத்தையாவது கற்றுக்கொண்டு போனதை நான் கண்டதில்லை.

கூத்து உண்மையில் உயிரோடிருப்பது அரங்கேற்றத்தில் அல்ல, அதற்கு முன்னர் மாதக்கணக்கில் இரவு இரவாக நடைபெறும் கூத்துப் பழக்கத்தில், அதாவது ஒத்திகையில்தான். அங்கேதான் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து பாடுகிறார்கள், மத்தளக்காரர் தாளத்தை முடித்துவைக்கும் புதிய தீர்மானம் ஒன்றை முயன்று பார்க்கிறார், ஆட்டம் பிசகினால் சிரிப்பு எழுகிறது. முன்னர் அந்த இடத்தில் பாத்திரம் ஏற்காத சிறுவர்களும் சாக்கில் குந்தியிருந்து பாட்டை மனப்பாடமாக்கிக்கொண்டார்கள். இப்போது தனியார் வகுப்பு நேரமும் கைப்பேசியும் அவர்களை அங்கு வரவிடுவதில்லை. சில ஊர்களில் பழக்கமே நடைபெறுவதில்லை. ஆகவே ஒலிப்பதிவுக்கு நிதி ஒதுக்க முன்வருவோர், ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் வாரத்தில் ஒரு மாலை அண்ணாவியாரை அமர்த்தி, அவருக்கு வளவாளர் கொடுப்பனவும் பிள்ளைகளுக்குத் தேநீரும் வழங்கவும் அதில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பரீட்சையோ சான்றிதழோ போட்டியோ அதில் இருக்கக் கூடாது. வயலினோ ஆர்மோனியமோ பழகும் பிள்ளைகள் தங்கள் கருவிகளோடு வந்து, கூத்து மெட்டுகளைக் காதால் கேட்டு வாசிக்கட்டும். சுருதி விலகினாலும் பரவாயில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அரங்கேற்றத்தின் வர்ணப் படத்தையும் பிரமுகர்களின் உரையையும் தங்கள் பத்திரிகை தவறாமல் வெளியிடுகிறது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும் காலத்தை ஒட்டியாவது, எந்த ஊரில் எந்த நாளில் எத்தனை மணிக்குக் கூத்துப் பழகுகிறார்கள், வெளியார் வந்து இருக்கலாமா என்ற விபரத்தை மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரிகளில் போட்டால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரக்கூடிய பெற்றோரும் ஆசிரியர்களும் இங்கு இருக்கிறார்கள். விபரங்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை எங்கள் ஊரளவில் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சங்கீத ஆசிரியை,
முள்ளியவளை.