மருத்துவ மையத்தை இரவிலும் திறந்து வையுங்கள்

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் வரலாறு என்று நீங்கள் வெளியிட்ட மலரை முழுக்கப் படித்தேன். ஒற்றை அறையில் தொடங்கி எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று வளர்ந்திருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் அது பூட்டிக் கிடப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடுதி மாணவி ஒருத்தியின் தாயாக அதை நான் எழுதுகிறேன்.

போன மாதம் நடந்தது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு என் மகளுக்கு வீசிங் வந்தது. தோழிகள் கைத்தாங்கலாக மையத்துக்கு அழைத்துப் போனார்கள். கதவில் பூட்டு. ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் மேசைமேல் மூச்சுத் திணறலுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். சாவி யாரிடம் என்று காவலருக்குத் தெரியவில்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே அனுப்புவோம் என்றார் விடுதிக் காப்பாளர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து நாங்கள் போய்ச் சேரும்வரை, அவள் மையத்தின் படியிலேயே இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பேச்சே வரவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் அவளை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போனதுமே ஆக்சிஜன் வைத்தார்கள்.

ஸ்டான்லியின் கதை நீங்கள் அறியாததல்ல. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டு, 1938-ல் மருத்துவக் கல்லூரியானது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். இல்லாதவர்களுக்கு உதவ வந்த இடம் என்பதை ஜனங்கள் மறக்கவில்லை. மலர் போட்டா அதை நினைவில் வைத்தார்கள்?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, தூக்கத்தில் இருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அனல்மின் நிலையம், உர ஆலை, கொடுங்கையூர் குப்பைமேடு என்று ஊருக்கு ஆகாததையெல்லாம் வடசென்னைக்கே கொடுத்தாகிவிட்டது. எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுதான் அதைத் தாங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இரவில் ஒரு நர்ஸ்கூடக் கிடையாதா? சரி, ஆலைகள் உங்கள் கையில் இல்லை. மையத்தின் சாவி உங்கள் கையில்தானே இருக்கிறது?

ஆண்டுதோறும் மருத்துவக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறீர்கள். தவறாமல் கட்டுகிறோம். அதனால் உரிமையோடும் பணிவோடும் கேட்கிறேன்: மையத்தை இரவிலும் திறந்து வையுங்கள். ஆக்சிஜன் வைக்கத் தெரிந்த ஒரு நர்ஸ், கூப்பிட்டால் வரும் டாக்டர், வாசலில் ஒரு வண்டி போதும். அவசரம் என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன்பே இதற்கான உத்தரவைப் போடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விடுதி மாணவி ஒருத்தியின் தாய்,
ராயபுரம்