கேஸ் யார் ஏற்றுவார்கள்?

ஹூஸ்டன்
ஜூலை 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை நான் போனில் தொண்டை கிழியக் கத்தியதில் உங்கள் காதில் விழுந்தது "கூரை", "ஏ.சி." என்ற இரண்டு வார்த்தைகள்தான் என்று சித்தி சொன்னார்கள். பையன் வீட்டுக் கூரைமேல் ஏ.சி. வைத்துவிட்டான் என்று நீங்கள் பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லி வைப்பதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டுக் கூரை இல்லை, வண்டிக் கூரை.

நம் ஊருக்கு ஷூட்டிங் வந்தால் நடிகர்கள் உட்கார ஒரு கேரவன் வந்து நிற்குமே, அந்த இனம். இதற்கு எஞ்சின் கிடையாது, பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். 22 அடி நீளம். 1975-இல் செய்தது, என்னைவிட ஐந்து வயது மூத்தது. ஏர்ஸ்ட்ரீம் என்று ஒரு கம்பெனி 1930-களிலிருந்து அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, விமானத்தின் வயிறு மாதிரி உருண்டையாக டிரெய்லர் செய்கிறது. பளபளவென்று மின்னும் அந்த டிரெய்லரின் விலை நமக்குக் கட்டாது. அதே கம்பெனி 1970-களில் மேலே பெயின்ட் அடித்து ஆர்கோஸி என்ற பெயரில் விற்ற வண்டி இது. பிள்ளைகளோடு நாலு பேர் லீவுக்கு எங்கே போனாலும் ஹோட்டல் வாடகை மென்னியைப் பிடிக்கிறது. அதனால் வாங்கினேன். உங்கள் மருமகள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

இந்த ஊர் வெயில் பாளையங்கோட்டை வெயில் மாதிரி இல்லை. சென்னையின் மே மாதப் புழுக்கம் மாதிரி, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நின்ற வண்டிக்குள் நுழைந்தால் இட்லிச் சட்டிக்குள் தலையை விட்டது போல இருக்கும். கூரையில் ஏற்கெனவே ஒரு பழைய ஏ.சி. இருந்தது. ஆன் செய்தால் கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று உறுமும், பிறகு பிரேக்கர் விழும். உங்கள் ஏ.சி. ரிப்பேர் கடையில் பள்ளிக்கூட லீவு முழுக்க ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரை மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை. ஜாம்.

நீங்கள் போனில் கேட்ட கேள்வி, "கேஸ் யார் ஏற்றுவார்கள்?" யாரும் ஏற்ற மாட்டார்கள், சித்தப்பா. பழைய ஏ.சி. பெட்டியில் இருந்தது ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸ். அதைப் புதிதாகத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் இங்கே 2020-இல் நிறுத்திவிட்டார்கள். கேஸைத் தொட வேண்டுமென்றால் அரசாங்கச் சான்றிதழ் பெற்ற ஆள்தான் தொடலாம். புதுப் பெட்டிகளிலோ கேஸ் ஏற்றும் வால்வே இல்லை. ஃபேக்டரியில் குழாயை நசுக்கிப் பற்றவைத்து மூடி அனுப்புகிறார்கள். கசிந்தால் மொத்தப் பெட்டியையும் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதுதான். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது.

நல்ல காலம், துளை பிரச்சினை இல்லை. எந்தக் கம்பெனி ஏ.சி. ஆனாலும் கூரையில் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் ஒரு சதுர ஓட்டைதான். அதனால் பழசு இருந்த இடத்திலேயே புதுசு உட்காரும். மற்றதெல்லாம் யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் டன். இங்கே பெட்டிமேல் பி.டி.யு. கணக்கில் எழுதுகிறார்கள். 12,000 என்றால் நம் ஒரு டன். கடையில் பரவலாகக் கிடைப்பது 13,500, 15,000. கடைக்காரர் 15,000-ஐத் தலையில் கட்டப் பார்த்தார், "டெக்ஸாஸ் வெயில், பெரிசாகப் போடுங்கள்" என்று. கூரையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒன்றரை அங்குலம் கண்ணாடிப் பஞ்சுதான், ஜன்னலெல்லாம் ஒற்றைக் கண்ணாடி. ஆகவே அவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் உள்ளே நம் அடுக்களை அளவு இடம். பெரிய பெட்டி பத்து நிமிஷத்தில் குளிர்வித்துவிட்டுக் கட்டாகும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்க நேரம் போதாது. குளிரும், ஆனால் போர்வை நசநசக்கும். டவுனில் அந்த நகைக்கடைக்காரர் சின்ன ஆபீஸ் ரூமுக்கு இரண்டு டன் போடச் சொல்லி அடம்பிடித்தபோது நீங்கள் சொன்ன அதே நியாயம்தான். 13,500 வாங்கினேன்.

அடுத்தது தண்ணீர். பெரும்பாலான கூரை ஏ.சி.கள் காயிலில் வடியும் தண்ணீரை அப்படியே கூரைமேல் விட்டுவிடும். ஹூஸ்டன் ஈரத்துக்கு அது நாள் முழுக்க ஒழுகி, பக்கவாட்டில் கோடு கோடாகக் கறை பிடித்து, ஜன்னல் ரப்பர் வழியாக உள்ளே வரும். என் வண்டியில் அந்தக் காலத்திலேயே தண்ணீரைப் பிடித்துச் சுவருக்குள் டியூப் வழியாகத் தரைக்கு இறக்க வழி செய்திருந்தார்கள். அதை வீணாக்க மனசில்லை. கோல்மன்-மாக் என்ற பிராண்டு ஏ.சி.களுக்கு அந்த மாதிரி ட்ரெய்ன் கிட் தனியாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அதையே எடுத்தேன். உயரம் எட்டு அங்குலம் சொச்சம்தான். உருண்டைக் கூரைமேல் சும்மாடு வைத்தது போலத் துருத்தாது.

இப்போது நீங்கள் சந்தோஷப்படுகிற விஷயம். இங்கே சுவர் பிளக்கில் 120 வோல்ட். அடுப்பு, துணி உலர்த்தும் மெஷின் போன்ற பெரிய சாமான்களுக்கு மட்டும் 240. டிரெய்லருக்கு 30 ஆம்பியரில் ஒரு மூன்று முள் பிளக் உண்டு. பார்க்க மெஷின் பிளக் மாதிரி தடியாக இருக்கும், ஆனால் அது 120 வோல்ட்தான். வீட்டு வாசலில் அதை வைக்க வந்த எலக்ட்ரீஷியன், 30 ஆம்பியர் என்றதுமே 240 என்று எடுத்துக்கொண்டு இரண்டு ஃபேஸையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டியைச் சொருகுவதற்கு முன் நீங்கள் கொடுத்தனுப்பிய பழைய முள் மீட்டரைச் சும்மா வைத்துப் பார்த்தேன். முள் 120-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சொருகியிருந்தால் ஏ.சி., மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் புகை. அவரைத் திரும்ப வரவழைத்து மாற்ற வைத்தேன். மீட்டரை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அந்த 30 ஆம்பியரில் ஏ.சி. மட்டுமே பதின்மூன்று பதினான்கு சாப்பிடுகிறது. கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதற்காக, கம்ப்ரஸரை மெதுவாகக் கிளப்பிவிடும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரும் போட்டேன். இப்போது சூட்கேஸ் அளவுச் சின்ன ஜெனரேட்டரிலும் திணறாமல் கிளம்புகிறது. கேம்ப் கிரவுண்டில் மத்தியானம் எல்லோரும் ஏ.சி. போட்டால் அமெரிக்காவிலும் லோ வோல்டேஜ் வரும், தெரியுமா? ஸ்டெபிலைசர் என்றால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது.

மேலே ஏற்றியதுதான் கூத்து. பெட்டி நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நம் கடை என்றால் இரண்டு பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே கூலிக்கு ஆள் வைத்தால் பெட்டி விலை ஆகிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபது வயது, இரண்டு ஏணியோடு தானாகவே வந்துவிட்டார். ஏணிகளைச் சேர்த்துச் சாய்த்து, பெட்டிக்குக் கயிறு கட்டி, நான் மேலிருந்து இழுக்க அவர் கீழிருந்து தள்ள, அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் மேல் இறக்கியதும் சுற்றிலும் எம்-சீல் அப்ப எனக்குக் கை துறுதுறுத்தது. கேஸ்கெட்டுக்கு அடியில் எந்தப் பசையும் கூடாது என்று கையேட்டில் போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து நாலு போல்ட். கேஸ்கெட் பாதி கனத்துக்கு அமுங்கும்வரை மாற்றி மாற்றி முறுக்க வேண்டும், அதற்கு மேல் முறுக்கினால் நசுங்கி ஒழுகும். எட்டாம் வகுப்பில் நான் ஒரு போல்ட்டை முறுக்கி உடைத்து உங்களிடம் வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது.

போட்டதும் சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். உள்ளே போகிற காற்று 27, வெளியே வருவது 16. பதினொரு டிகிரி விழுகிறது, சரிதானே? ஆனால் வெளியே 38 அடிக்கிற மத்தியானத்தில் உள்ளே 26-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மர நிழலில் நிறுத்தி, ஜன்னலுக்குத் திரை போட்டால் பரவாயில்லை. இன்னொரு குறை, சத்தம். தலைக்கு மேலே கிரைண்டர் ஓடுவது போல. நீங்கள் வந்து படுத்தால் நிம்மதியாகத் தூங்குவீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ட்ரெய்ன் டியூபுக்கு அடியில் வாளி வைத்தால் ஒரு ராத்திரியில் முக்கால் வாளி நிறைகிறது. உங்கள் மருமகள் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள். வண்டியால் அவள் ஒப்புக்கொண்ட ஒரே லாபம் அதுதான்.

மீட்டரின் கறுப்பு வயர் நுனியில் இற்றுவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு ஜோடி கொடுத்துவிடுங்கள். இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் உங்கள் டப்பாவில் இருக்குமே, முனை நீளமாக, அந்த மாதிரி வேண்டும்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் பையன்