திரிகையில் இருவர்

கிருஷ்ணகிரி,
10.12.2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அத்தைக்கு மட்டும் பனியால் மூட்டுவலி கூடியிருக்கிறது. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நேரம். மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம், ஏனெனில் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை வேறெதையும் எழுத விடவில்லை.

ஓசூரில் ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைகளுக்குத் துணி எடுத்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, அதிரசத்துக்கு மாவு இடித்து முடிப்பதற்குள் கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலமே போய்விடுகிறது, ஆண்டவரை நினைக்க எங்கே நேரம் என்று கேட்டிருக்கிறாய். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரையே கேள்வி கேட்டு மடக்கியவள், இந்தக் கேள்விக்கு மட்டும் விடை தேடாமல் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாயே!

நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வாசித்த மத்தேயு 24ஆம் அதிகாரத்தை நினைத்துப் பார். நோவா காலத்து மக்களைப் பற்றிப் பேசும் இயேசு அவர்களுடைய அக்கிரமங்களை அங்கே பட்டியலிடவில்லை. உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொண்டும் கொடுத்தும் வந்தார்கள், வெள்ளம் வரும்வரை எதையும் அறியாதிருந்தார்கள் என்கிறார். டிசம்பர் முழுவதும் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதானே? அடுத்து வருகிறது, திரிகையில் மாவரைக்கும் இரு பெண்களின் பேச்சு: ஆண்டவர் வரும்போது ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள். நம் அம்மாக்கள் எதிரெதிரே அமர்ந்து ஒரே பிடியைப் பற்றி ராகி அரைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இருவருக்கும் அதே கல், அதே களைப்பு, கையில் அதே மாவு. விழிப்பாயிருங்கள் என்று சொன்ன ஆண்டவர் யாரையும் திரிகையை விட்டு எழுந்து வரச் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அரைத்துக்கொண்டே ஒருத்தி அவரை எதிர்பார்த்திருக்க முடியும்.

உனக்கு நேரம் இல்லை என்பதை ஏற்கிறேன். நேரம் கிடைத்தால்தான் அவரை நினைக்க முடியும் என்பதை ஏற்கமாட்டேன். நண்பகல் மணி அடித்ததும் அத்தை அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு வானதூதர் மரியாவுக்குச் சொன்ன செய்தியை நினைக்கும் மூவேளைச் செபம் சொல்கிறார். மூன்று அருள்நிறைந்த மரியே. 'வார்த்தை மனுவுருவானார்' என்னும் இடத்தில் அந்த வலியோடும் தலை தாழ்த்துகிறார். பிறகு மறுபடியும் அவரைக்காய்.

எனக்குச் சினமூட்டுவது வேறொன்று. டிசம்பர் பிறந்தவுடனேயே கேரல் என்று கிளம்பி, வீடு வீடாகப் பாலன் பிறந்துவிட்டதாகப் பாடிவிடுகிறோம். திருச்சபையோ இவ்வாரங்களில் ஊதா உடுத்தி, ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' கீதத்தைக்கூடப் பாடாமல் வைத்திருக்கிறது, 24ஆம் தேதி இரவில் அது வானதூதரின் பாடலாகவே மீண்டும் ஒலிக்கட்டும் என்று. காத்திருக்க இடமே விடாமல் விழாவை முன்னால் இழுத்துக்கொண்டால், நம் களைப்புக்கு வேலையை மட்டும் எப்படிக் குறை சொல்வது? பாடகர் குழுப் பையன்களிடம் இதைச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், ஆனாலும் திருப்பலியில் வருகைப் பாடல்களையே பாடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. கை ஓய்ந்தால் அழுகை வந்துவிடும் என்றே நீ ஓய்வில்லாமல் ஓடுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அழுகையோடேயே அவரைக் கூப்பிடு. சிறையிலிருந்த திருமுழுக்கு யோவான், வரவிருப்பவர் நீர்தாமா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்ட நற்செய்திதான் வரும் ஞாயிறுக்கு உரியது. அதை மகிழ்ச்சி ஞாயிறு என்று அழைக்கும் திருச்சபை, அந்தக் கேள்வியை மறைக்காமல் அன்றே வாசிக்க வைக்கிறது.

17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் நாளுக்கொரு பெயரால் மெசியாவை அழைப்பார்கள்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. கம்பெனிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அன்றைய பெயரைச் சொல்லி 'வாரும்' என்று மட்டும் அழை. ஆண்டின் மிக நீண்ட இரவையொட்டி, 21ஆம் தேதிக்கு வருவது 'விடியலே'. இரவு ஷிப்ட் முடிந்து பனிமூட்டத்தில் வெளியே வரும் உனக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதிரசம் நானே சுட்டு வைக்கிறேன். நீ மாவு இடிக்க வேண்டாம். 24ஆம் தேதி மதியமே பிள்ளைகளோடு புறப்பட்டு வந்துவிடு. அம்மாவையும் அழைத்து வா, தனியே விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் தோழி